சீனப் பழம்பொருள் இணைய ஏலங்களில் போலிக் கேள்வி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனப் பீங்கான், ஜேடு, வெண்கலம் என்று இணைய ஏலங்களில் தேடித் தேடி வாங்கும் நண்பர்களிடமிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் எழுதுகிறவர்கள்கூட இதையேதான் கேட்கிறார்கள்: "ஆள் வெச்சு விலையை ஏத்துறாங்களோ?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

ஷில் பிட்டிங்னு சொல்றாங்களே, அது என்ன? ரெண்டு பேர் போட்டி போட்டுக் கேக்கறதும் இதுவும் எப்படி வேற?

விற்பவரோ அவர் சார்பில் வேறொருவரோ, வாங்கும் எண்ணமே இல்லாமல், விலையை ஏற்றிவிடுவதற்காக மட்டும் ஏலம் கேட்பது. இந்தப் பக்கத்தில் அதைப் போலிக் கேள்வி என்றே எழுதுகிறேன் (கேள்வி என்றால் இங்கே ஏலத்தில் விலை கேட்பது). உண்மையான போட்டியில் கேட்பவர் ஒவ்வொருவரும் பொருளை எடுத்துக்கொண்டு காசு கொடுக்கத் தயாராக இருக்கிறார். போலிக் கேள்வியில் ஒரு தரப்பு தயாராக இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சிக்கல் என்னவென்றால், எண்ணம் திரையில் தெரியாது. கேட்ட தொகையும் நேரமும்தான் தெரியும். ஆகவே பெரும்பாலான நேரம் நம்மால் சந்தேகப்பட முடியுமே தவிர நிரூபிக்க முடியாது. கீழே வரும் பதில்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தன் பொருளைத் தானே ஏலம் கேட்டா, கடைசியில அவர் தலையிலயே வந்து விழுமே? என்ன லாபம்?

சில சமயம் விழும்தான். அப்போது கையை விட்டுப் போவது தளத்தின் கட்டணம் மட்டும். வாங்கியவர் பணம் கட்டவில்லை என்று சொல்லி அதையும் திரும்பக் கேட்பவர்கள் உண்டு. அப்புறம், இரண்டாவதாக நின்றவருக்கு "ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார், நீங்கள் கேட்ட விலைக்கே தருகிறேன்" என்று செய்தி போகும். ஈபேயில் 'செகண்ட் சான்ஸ் ஆஃபர்' என்று இதற்கு வழியே இருக்கிறது. நேர்மையாகப் பயன்படுத்துகிறவர்களும் நிறைய. ஆனால் ஒரே விற்பவரிடமிருந்து உங்களுக்கு அடிக்கடி இப்படி வந்தால் யோசியுங்கள்.

விலை ஏறுவது பாதி லாபம்தான். மீதிப் பாதியைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு ஜாடி அசலா என்று தெரியாமல் தவிக்கிறவர், அதற்கு 15 பேர் மோதுவதைப் பார்த்ததும் "இத்தனை பேருக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று நினைத்துக்கொள்கிறார். அடுத்தவர் கேட்கும் விலையே அவருக்கு நிபுணர் சான்றிதழாகிவிடுகிறது. என் பார்வையில் சீனப் பழம்பொருள் ஏலங்களில் போலிக் கேள்வி செய்யும் பெரிய கெடுதல் இதுதான்: 100 டாலர் பொருளுக்கு 150 கொடுக்க வைப்பதைவிட, போன மாதம் சுட்ட பானையைச் சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் வம்சத்துப் பானை என்று நம்ப வைப்பது.

பழைய உதாரணம் ஒன்று ஓவியத்திலிருந்து. 2000 மே மாதம் ஈபேயில் 25 சென்ட்டில் ஆரம்பித்த ஒரு ஓவியம் 1,35,805 டாலர் வரை போனது. ரிச்சர்ட் டீபென்கார்ன் என்ற அமெரிக்க ஓவியருடையதாக இருக்கலாம் என்று எல்லாரும் ஊகிக்கும்படி, ஒன்றும் தெரியாத ஆள் போல விற்பவர் விவரம் எழுதியிருந்தார். அவரே வேறு கணக்கிலிருந்து ஏலம் கேட்டிருந்தது தெரிந்து ஈபே அந்த விற்பனையை ரத்து செய்தது. பிறகு எஃப்பிஐ விசாரித்தபோது, மூன்று பேர் 40-க்கும் மேற்பட்ட கணக்குகளை வைத்துக்கொண்டு ஒருவர் பொருளுக்கு ஒருவர் விலை ஏற்றிவந்தது வெளியே வந்தது. ஓவியமும் போலி, கேள்வியும் போலி. "பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்தது, எனக்கு ஒன்றும் தெரியாது" என்று இன்று சீன ஜாடிகளுக்கு எழுதப்படும் விவரங்களைப் படிக்கும்போது எனக்கு அந்த ஓவியம்தான் ஞாபகம் வரும்.

சீனப் பொருள்லயே ஏன் இந்தப் பேச்சு இவ்வளவு அதிகம்?

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கிண்ணங்களில் ஒன்று 50 டாலர், இன்னொன்று 5 லட்சம் டாலர் என்ற நிலை இந்தத் துறையில் சகஜம். அடியில் இருக்கும் அரச முத்திரையை நம்பவும் வழியில்லை. முந்தைய அரசர் பெயரைப் பிற்காலப் பீங்கானில் எழுதுவது சீனாவில் பழைய வழக்கம்; சிங் அரசர் காங்ஷி காலத்துப் (1662–1722) பொருள்களிலேயே முந்தைய வம்சமான மிங் அரசர் செங்ஹுவாவின் முத்திரை இருக்கும். அது ஏமாற்று இல்லை, முன்னோர் கலைக்குச் செய்யும் மரியாதை. ஆனால் இன்று சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெசென் பட்டறைகளில் சிங் அரசர் சியன்லோங் (1736–1795) முத்திரையோடு வருபவற்றில் எது மரியாதை, எது மோசடி என்பது விற்பவர் எழுதும் விவரத்தைப் பொறுத்தது.

இதோடு ஆசையும் சேர்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒருவர் வீட்டு வாசல் விற்பனையில் 35 டாலருக்கு வாங்கிய சின்னக் கிண்ணம், 15-ம் நூற்றாண்டு மிங் கிண்ணம் என்று தெரிந்து, 2021 மார்ச்சில் நியூயார்க் சதபீஸ் ஏல நிறுவனத்தில் 7,21,800 டாலருக்குப் போனது. இது நடந்த கதை. இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு இரவு 2 மணிக்கு ஏலம் கேட்கிறவர்களை நம்பித்தான் போலிகளின் வியாபாரம் ஓடுகிறது.

மதிப்பு 2,000-னு போட்டிருந்தாங்க, லட்சக்கணக்குல போயிடுச்சு. இது செட்டப்தானே?

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் பிரான்சின் ஃபொன்டேன்புளோ நகரத்தில் ஒரு நீல-வெள்ளை ஜாடி ஏலத்துக்கு வந்தது. 20-ம் நூற்றாண்டு அலங்காரப் பொருள் என்று சொல்லி 1,500 முதல் 2,000 யூரோ வரை மதிப்பு போட்டிருந்தார்கள். சுத்தியல் விழுந்தது, அதாவது ஏலம் முடிந்தது, 77 லட்சம் யூரோவுக்கு. வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தனியாகக் கட்டும் கமிஷனோடு 91 லட்சத்தைத் தாண்டியது. மதிப்பிட்ட நிபுணர் கடைசிவரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, வேலைதான் போனது. கேட்டவர்களோ அது 18-ம் நூற்றாண்டுப் பொருள் என்று நம்பிக் கேட்டார்கள்.

மதிப்பீடு தவறலாம். சிலர் கூட்டம் சேரட்டும் என்று வேண்டுமென்றே குறைத்தும் போடுவார்கள். ஆகவே கடைசி விலை எத்தனை மடங்கு என்பதைவிட, அந்த விலைக்கு ஏலம் எப்படி ஏறி வந்தது என்று பாருங்கள்.

ஏல வரலாற்றைத் திறந்தா நட்சத்திரக் குறியா இருக்கு. அதுல என்னத்தப் பாக்கறது?

ஈபே கேட்பவரின் பெயரை மறைத்து, ஓரிரு எழுத்தையும் அவருடைய மதிப்பெண்ணையும் (முந்தைய வியாபாரங்களுக்கு மற்றவர்கள் தந்தது) மட்டும் காட்டுகிறது. அப்படியிருந்தும் கொஞ்சம் படிக்கலாம். பெயரைச் சொடுக்கினால் கடந்த 30 நாளில் அவர் எத்தனை பொருளுக்கு ஏலம் கேட்டார், அதில் இந்த விற்பவரிடம் கேட்டது எத்தனை சதவீதம், எத்தனை முறை பின்வாங்கினார் என்ற சுருக்கம் வரும்.

என் கண் முதலில் போவது இங்கே: ஏலம் ஆரம்பித்த உடனேயே வந்து படபடவென்று ஏற்றிவிட்டு, முடிய இரண்டு நாள் இருக்கும்போதே காணாமல் போகிறவர். பொருள் வேண்டும் என்கிறவர் வழக்கமாகக் கடைசி நேரத்தில்தான் வருவார். அதோடு 90 சதவீதத்துக்கு மேல் ஒரே விற்பவரிடம், மதிப்பெண் 0, பல பொருள்களில் கேட்டும் ஒன்றைக்கூட வென்றதில்லை என்றால் சந்தேகத்துக்குக் கனம் கூடுகிறது. தனித்தனியாக எடுத்தால் இவை ஒவ்வொன்றுக்கும் அப்பாவியான காரணம் இருக்கும். எல்லாம் ஒரே ஆளிடம், ஒரே விற்பவரின் பல ஏலங்களில் சேர்ந்து வருகிறதா என்பதுதான் கேள்வி. எனவே ஒரே ஒரு ஏலத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அந்த விற்பவரின் முடிந்துபோன ஏலங்களைத் திறந்து வரிசையாகப் பாருங்கள்.

நான் 200 டாலர் அதிகபட்சம்னு வெச்சேன். சரியா 200-ல வந்து நின்னுது. என் விலை அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?

யாரும் உங்கள் கணக்கை உடைத்திருக்க வேண்டியதில்லை, தளத்தின் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஈபேயில் நீங்கள் அதிகபட்சத்தைச் சொல்லிவிட்டால் தளமே உங்களுக்காகப் படிப்படியாகக் கேட்கும். 100 டாலரிலிருந்து 249.99 வரை ஒரு படி 2.50 டாலர். எதிராளி 180 கேட்கிறார், விலை 182.50 ஆகிறது. 190 கேட்கிறார், 192.50. பிறகு 198 கேட்கிறார். படிக்கணக்குப்படி 200.50 வர வேண்டும். ஆனால் உங்கள் எல்லை 200 என்பதால் விலை 200-லேயே நிற்கிறது. முழுப் படி ஏறவில்லை என்று பார்த்த உடனே அவருக்குப் புரிந்துவிடும்: இதற்குமேல் உங்களிடம் இல்லை. அங்கேயே நிறுத்திக்கொள்கிறார். உங்கள் பையில் இருந்த கடைசிக் காசு வரை எண்ணியாகிவிட்டது, பொருளும் உங்களுக்குத்தான் விற்றது.

இன்னொரு வழி இதைவிட மோசம். 500 என்று கேட்டு முன்னால் போய்விடுவார். விலை 202.50 என்று காட்டும். உங்கள் எல்லை 200 என்று தெரிந்துவிடும். "தொகையைத் தவறாக அடித்துவிட்டேன்" என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வேறு கணக்கிலிருந்து 197 கேட்பார். ஏலம் முடிய 12 மணி நேரத்துக்குள் என்றால், கேட்ட 1 மணி நேரத்துக்குள் மட்டுமே பின்வாங்கலாம் என்று ஈபே விதி வைத்திருக்கிறது. எனவே இந்த வேலை பெரும்பாலும் அதற்கு முன்பே நடக்கும். ஏல வரலாற்றின் அடியில் பின்வாங்கியவர்களின் பட்டியல் இருக்கும், அதைப் பாருங்கள்.

அதே ஆள் அதே விற்பவர்கிட்ட 20 ஏலத்துல இருக்கான். பிடிச்சாச்சு, ரிப்போர்ட் பண்ணிடலாமா?

புகார் தாராளமாகச் செய்யலாம். முடிவு கட்டுவதற்கு முன்னால் இன்னொன்றையும் பாருங்கள். சிலர் மூக்குப்பொடிக் குப்பி மட்டுமே விற்பார்கள். அந்தக் குப்பிகளை மட்டுமே சேர்ப்பவர் அவரிடம்தானே திரும்பத் திரும்ப வருவார்? அவருடைய சதவீதமும் 90-ஐத் தாண்டும். விலை தெரிந்த வியாபாரி ஒருவர், தனக்கு லாபம் வரும் எல்லை வரை எல்லாவற்றுக்கும் கேட்டுவிட்டு முக்கால்வாசியில் தோற்பதும் உண்டு.

புகாரைத் தளத்துக்கு அனுப்புங்கள். யார் எந்தக் கணினியிலிருந்து, எந்த அட்டையை வைத்து வந்தார் என்பது அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. பொதுவெளியில் பெயர் போட்டுத் திருடன் என்று எழுதுவது வேண்டாம். அப்படி எழுதப்பட்ட சிலர் உண்மையான சேகரிப்பாளர்கள்.

கடைசி 5 செகண்டுல கேட்டா தப்பிச்சுக்கலாமா?

ஈபேயில் ஓரளவு முடியும். மேலே 200 டாலர் பதிலில் சொன்ன துழாவல் வேலைக்கு நேரம் வேண்டும்; 5 நொடியில் அது நடக்காது. ஆனால் நீங்கள் வருவதற்கு முன்பே போலிக் கேள்வியால் விலை ஏறிக் கிடந்தால், கடைசி நொடி உங்களைக் காப்பாற்றாது. கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும் தளங்களிலும் இது பலிக்காது.

நான் நம்புவது எல்லையை. கமிஷன், தளக் கட்டணம், கப்பல் செலவு, சுங்கம் எல்லாவற்றையும் கூட்டி, இந்தப் பொருள் நவீனப் பிரதி என்றே தெரிந்தாலும் தாங்கும் தொகை எது என்று ஏலத்துக்கு முந்தின நாளே எழுதி வையுங்கள். கமிஷன் 25 சதவீதம், தளத்துக்கு 5 சதவீதம் என்றால் 1,000 டாலர் சுத்தியல் விலை 1,300 ஆகிவிடும், அதுவும் கப்பல் ஏறுவதற்கு முன்பே.

லைவ் ஏலத்துல "ஃப்ளோர்"னு ஒருத்தர் என்னை எதிர்த்துக் கேட்டுக்கிட்டே இருந்தார். ஆனா அந்தக் கம்பெனிக்கு ஹாலே கிடையாது! அப்ப அது யாரு?

நல்ல கேள்வி. ஃப்ளோர் என்றால் ஏல ஹாலில் நேரில் இருந்து கேட்பவர் என்று பொருள். ஆனால் ஒரே ஏலத்தை லைவ்ஆக்‌ஷனியர்ஸ், இன்வேல்யூவபிள் என்று இரண்டு மூன்று தளங்களில் ஒரே நேரத்தில் ஓட்டுவது வழக்கம். இன்னொரு தளத்திலிருந்தோ, தொலைபேசியிலோ, முன்கூட்டியே எழுதிக்கொடுத்தோ வரும் கேள்விகளை ஏல நிறுவனத்தின் எழுத்தர் உங்கள் திரையில் ஃப்ளோர் என்றுதான் பதிவார். ரிசர்வ் விலை (இதற்குக் கீழே தர மாட்டேன் என்று விற்பவர் வைக்கும் விலை) வரை விற்பவருக்காக, ஏலத்தை நடத்தும் ஏலதாரர் கேட்பதும் அதே பெயரில் வரும். ஆகவே ஹால் இல்லாத இடத்தில் ஃப்ளோர் என்று வருவது மட்டும் குற்றம் இல்லை.

ஆனால் ஏல நிறுவனமும் விற்பவரும் ஒரே ஆள் என்றால் கதை வேறு. 400 சீனப் பொருள், எல்லாம் "அரண்மனைத் தரம்", மதிப்பு ஆயிரக்கணக்கில், ஆரம்ப விலை 100 டாலர், வருடம் முழுக்க இதே சரக்கு. இப்படிப்பட்ட ஏலத்தில் நீங்கள் முன்கூட்டியே கொடுத்துவைக்கும் அதிகபட்ச விலையை நிறுவனம் பார்க்க முடியும் என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே எல்லையை எழுதிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கேட்பதானால் ஏலம் நடக்கும்போதே திரை முன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

ரிசர்வ் வரைக்கும் ஏலதாரரே கேக்கலாமா? அது நியாயமா?

அறிவித்துவிட்டுச் செய்தால் பல நாடுகளில் சட்டப்படி சரி. பிரிட்டனில் 1979-ம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 57-வது பிரிவு, விற்பவர் தரப்பு ஏலம் கேட்கும் உரிமையை முன்பே அறிவிக்க வேண்டும் என்கிறது. அறிவிக்காமல் கேட்டால் வாங்கியவர் அதை மோசடி விற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க மாநிலங்களின் வணிகச் சட்டம் வாங்குபவருக்கு இரண்டு வழி தருகிறது: விற்பனையை ரத்து செய்யலாம், அல்லது கடைசியாக வந்த நேர்மையான கேள்வியின் விலைக்கே எடுத்துக்கொள்ளலாம். சீனாவில் 1997-ல் அமலுக்கு வந்த ஏலச் சட்டம் இன்னும் கறார். பொருளைக் கொடுத்தவர் தானும் கேட்கக் கூடாது, ஆள் வைத்தும் கேட்கக் கூடாது. இந்தியாவிலும் 1930-ம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவு, விலை ஏற்றப் பாசாங்குக் கேள்வி நடந்தால் வாங்கியவர் விரும்பினால் விற்பனையை ரத்து செய்யலாம் என்கிறது.

தண்டனை கிடைப்பது அபூர்வம். பிரிட்டனில் 2010-ல், ஈபேயில் தன் பொருள்களுக்குத் தானே இன்னொரு கணக்கில் ஏலம் கேட்ட ஒரு விற்பனையாளருக்கு பிராட்ஃபோர்ட் நீதிமன்றம் 5,000 பவுண்டு அபராதமும் 250 மணி நேர சமூக சேவையும் விதித்தது.

இதே மாதிரி ஜாடி போன வருஷம் 40 ஆயிரம் டாலருக்குப் போயிருக்குன்னு ரெக்கார்டு காட்டுறாங்களே?

யார் நடத்திய ஏலத்தில் என்று கேளுங்கள். இணையத்தில் இருக்கும் விலைப் பட்டியல்கள் சுத்தியல் விழுந்த தொகையைப் பதிகின்றன. பணம் கைமாறியதா என்று பார்ப்பதில்லை. தன் ஜாடியைத் தன் ஆளை வைத்தே 40 ஆயிரத்துக்கு எடுத்துக்கொண்டால் அந்த எண் பட்டியலில் ஏறிவிடும். பிறகு அதே அச்சில் வந்த பத்து ஜாடிக்கு அது ஆதாரம். சீனாவில் இந்த முறைக்கு வேறொரு உபயோகமும் இருந்திருக்கிறது: அதிகாரிக்கு மலிவான ஒரு பொருளைப் பரிசாகக் கொடுப்பது, அவர் அதை ஏலத்துக்கு விட்டதும் பெரிய விலைக்கு எடுப்பது. லஞ்சம் ஏல வருமானமாக மாறிவிடும்.

பெரிய விலை அசலுக்குச் சாட்சி ஆகாது என்பதற்கு நான் எப்போதும் சொல்வது பெய்ஜிங் மேசையை. 2011-ல், சுமார் 2,000 வருடம் முந்தைய ஹான் வம்சத்து ஜேடு ஒப்பனை மேசையும் முக்காலியும் என்று ஒரு ஜோடி 22 கோடி யுவானுக்கு ஏலம் போனது. ஹான் காலத்தில் சீனர்கள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள், அவர்களுக்கு முக்காலி எதற்கு? பிறகு ஜியாங்சு மாகாணத்தின் பிஜோ பகுதிக் கைவினைஞர்கள் அது தங்கள் பட்டறையில் செய்தது என்று வெளியே சொன்னார்கள்.

ஜெயிச்சவர் காசே கட்டலையாம். அப்ப அதுவும் போலிக் கேள்விதானே?

இல்லை, இரண்டையும் குழப்பக் கூடாது. போலிக் கேள்வி விற்பவர் தரப்பிலிருந்து வருவது. பணம் கட்டாததில் அடிபடுவது விற்பவரே. 2010 நவம்பரில் மேற்கு லண்டனின் ரைஸ்லிப்பில் ஒரு சின்ன ஏலக்கடையில் சியன்லோங் காலக் குடுவை ஒன்று 4.3 கோடி பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்தது. உலகமே பேசியது, பணம் வரவில்லை. கடைசியில் 2013-ல் பான்ஹாம்ஸ் என்ற ஏல நிறுவனம் வழியாக வேறொருவருக்கு, அதைவிட மிகக் குறைந்த விலைக்கு, தனிப்பட்ட முறையில் விற்றார்கள். 2009-ல் பாரிஸ் கிறிஸ்டீஸ் ஏலத்தில், 1860-ல் பெய்ஜிங் கோடை அரண்மனையிலிருந்து கொள்ளை போன எலி, முயல் வெண்கலத் தலைகளை சாய் மிங்சாவ் என்பவர் ஏலம் எடுத்துவிட்டு, பணம் கட்ட மாட்டேன் என்று அறிவித்தார். அது அவருடைய எதிர்ப்பு. பெரிய நிறுவனங்கள் விலை உயர்ந்த சீனப் பொருள்களுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டே ஏலம் கேட்க விடுவது இந்த அனுபவங்களால்தான்.

எங்க தாத்தா காலத்துச் சீன ஜாடியை ஹாங்காங்ல ஏலம் விட்டுத் தர்றோம்னு ஒரு கம்பெனி கேக்குது. 10 லட்சம் டாலர் மதிப்பாம். கேட்லாக் செலவு மட்டும் முதல்ல கட்டணுமாம். கட்டலாமா?

கட்டாதீர்கள். இங்கே போலிக் கேள்வியின் குறி வாங்குபவர் இல்லை, நீங்கள். சீனாவில் இந்த மோசடிக்காகப் பல கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. பொருளுக்கு வானளாவிய மதிப்பு சொல்வார்கள்; அட்டவணை, காப்பீடு, கண்காட்சி என்று ஒவ்வொன்றுக்கும் பணம் வாங்குவார்கள். ஏலம் என்று ஒன்று நடக்கும், ஆள்கள் உட்கார்ந்து கையும் தூக்குவார்கள். ரிசர்வ் விலைக்குக் கொஞ்சம் கீழே எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். "நூலிழையில் தவறிவிட்டது, அடுத்த ஏலத்தில் பார்ப்போம்" என்று பொருளும் திரும்பி வரும், அடுத்த கட்டண ரசீதும் வரும்.

முறையான ஏல நிறுவனம் தன் கமிஷனை விற்ற பணத்திலிருந்து கழித்துக்கொள்ளும். ஜாடியின் உள், வெளி, அடிப்பாகம் மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து இரண்டு பெரிய நிறுவனங்களுக்கு அனுப்புங்கள். முதற்கட்ட மதிப்பீட்டுக்கு அவர்கள் காசு கேட்பதில்லை.

ஜெயிச்சிட்டேன், இப்பத்தான் வரலாற்றைப் பாத்தா வயித்தக் கலக்குது. பணம் கட்டாம விட்டுடலாமா?

சும்மா விட்டுவிடாதீர்கள், பணம் கட்டாதவர் என்ற முத்திரை உங்கள் கணக்கில்தான் விழும். ஏல வரலாற்றுப் பக்கத்தை, பின்வாங்கல் பட்டியலோடு, உடனே படமெடுத்து வைத்துக்கொண்டு தளத்துக்கு எழுதுங்கள். அவர்கள் பதில் சொல்லும் வரை பணம் அனுப்பாமல் இருக்கலாமா என்று அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள்.

ஏற்கனவே கட்டிவிட்டால் போலிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதைவிட, பொருளைப் பிடித்துக்கொள்வது பலன் தரும். முதல் பதிலில் சொன்னதுதான் காரணம்: எண்ணத்தை நிரூபிப்பது கடினம். "19-ம் நூற்றாண்டு என்று எழுதியிருந்தது, வந்திருப்பது புதியது" என்பதை நிரூபிக்க ஒரு நிபுணர் கடிதம் போதும். ஈபேயில் பொருள் விவரத்துக்கு மாறாக இருந்தால் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கிரெடிட் கார்டு என்றால் வங்கி வழியாகவும் முறையிடலாம். விவரத்தில் "பாணி" என்றோ "முத்திரை உள்ளது" என்றோ மட்டும் எழுதியிருந்தால் விற்பவர் தப்பித்துக்கொள்வார். சியன்லோங் முத்திரை உள்ளது என்பது சியன்லோங் காலம் என்ற வாக்குறுதி இல்லை.

நானும் என் ஃப்ரெண்டும் ஒரே கிண்ணத்தைப் பாத்து வெச்சிருக்கோம். ஒருத்தர் ஒதுங்கிக்கிட்டா விலை ஏறாதே. இதுவும் தப்பா?

இது போலிக் கேள்விக்கு நேர் எதிர், விலையை இறக்கும் சிண்டிகேட் வேலை. வியாபாரிகள் இதைச் செய்தால் பிரிட்டனில் குற்றம்: கேட்காமல் இருப்பதற்காக ஒரு வியாபாரி இன்னொருவருக்குப் பணமோ பங்கோ கொடுப்பதை 1927-ம் ஆண்டின் ஏல ஒப்பந்தச் சட்டம் தடுக்கிறது. வீட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்படும் இரண்டு நண்பர்கள், காசு எதுவும் கைமாறாமல், "இந்த முறை நீ எடுத்துக்கோ" என்று பேசிக்கொள்வது அந்தச் சட்டத்தின் வலையில் வராது. இரண்டு பேரும் பணம் போட்டுக் கூட்டாக வாங்குவதானால், ஏலத்துக்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துவிட்டு ஒரே பெயரில் கேளுங்கள்.